தளமாகிய தாழொலி: இல்லத்துப் பெருக்கியுடன் சப்வூபரை இணைத்தல்

முன்னுரை

சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், அரங்கேற்று காதையின் உரையில் தோற்கருவிகள் பலவற்றைப் பெயர் சுட்டி வகைப்படுத்துகின்றார். அவற்றுள் மத்தளத்திற்கு அவர் தரும் பெயர்க்காரணம் எண்ணத்தக்கது. ஏனைய இசைக்கருவிகளுக்கெல்லாம் தளமாக அமைதலின் அது மத்தளம் எனப்பட்டது என்பது அவர்தம் கருத்து. குழலும் யாழும் மிடற்றுப் பாடலும் மேலே எழுந்து நிற்க, அடியில் ஒரு தளம் வேண்டும். தளம் கண்ணைக் கவர்வதில்லை. ஆனால் தளமின்றி மாடமில்லை.

நம் முன்னோர் இசையின் இயக்கத்தை மெலிவு, சமன், வலிவு என மூன்று தானங்களாகப் பகுத்தனர். அவற்றுள் தாழ்ந்து ஒலிப்பது மெலிவு. இன்று நம் இல்லங்களில் உள்ள இசைப்பெட்டிகளிற் பல இம்மெலிவை முற்றாக இழந்துள்ளன. அல்லது அதனை அளவிறந்து முழக்குகின்றன. இக்குறையை நீக்கவே சப்வூபர் எனும் தாழொலிப் பெட்டி பயன்படுகின்றது. வீட்டிலுள்ள ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையருடன் அதனை முறையாக இணைப்பது எங்ஙனம் என விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆம்ப்ளிஃபையர் இங்குப் ‘பெருக்கி’ என்றே குறிக்கப்பெறும்.

தமிழ்த்துறை மலரில் மின்கம்பியைப் பற்றி எழுதுவதா என வியப்போர் இருக்கலாம். தொல்காப்பியர் ஒலி எவ்வாறு பிறக்கின்றது என்பதற்கே பிறப்பியல் என ஓர் இயலை வகுத்தார். ஒலியை அறிதல் தமிழ் மாணவர்க்கு அயலான கல்வியன்று.

என் வீட்டில் நேர்ந்த பிழை

ஜெயமங்கலத்தில் உள்ள எங்கள் வீட்டிற்கு, என் அத்தா வளைகுடா நாட்டிலிருந்து திரும்பியபோது ஒரு பெருக்கியும் இரண்டு ஒலிப்பெட்டிகளும் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் இசைமுரசு நாகூர் ஹனீபா அவர்களின் பாடல்கள் அதில் ஒலிக்கும். அத்தாவின் மறைவுக்குப் பின் அது பல்லாண்டுகள் பரணில் கிடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதனை இறக்கித் தூசு துடைத்து இயக்கினேன், பாடியது. மகிழ்ச்சி மிகுந்து, தாழொலிக்கென ஒரு பழைய பெட்டியையும் விலைக்கு வாங்கினேன். “இடப்பக்கத்து ஸ்பீக்கர் கம்பியோடு இதையும் சேர்த்து முறுக்கிவிடுங்கள், சார்; போதும்” என்றார் விற்றவர். அவ்வாறே செய்தேன். இரண்டு நாள் முழங்கியது. மூன்றாம் நாள் கருகிய வாடை எழுந்தது, பெருக்கி ஊமையாயிற்று.

பழுது நீக்கிய தொழிலாளர் சொன்ன சொல் இன்றும் நினைவில் உள்ளது: “பெட்டி மேல குத்தமில்ல சார், சேர்த்த விதத்துலதான் குத்தம்.” அத்தா விட்டுச்சென்ற பொருளை என் அறியாமையால் இழக்க இருந்தேன். அப்பிழைக்குப் பின் கற்றவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

தாழொலியின் இயல்பு

மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கவல்லது. ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கின்றது என்பதே ஹெர்ட்ஸ். நான்கு தந்தி பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கின்றது. பியானோவின் மிகத் தாழ்ந்த சுரம் 27.5 ஹெர்ட்ஸ். தாழொலிப் பெட்டி பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளுக்கு உரியது.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கின்றது. ஆகவே 1,000 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஒரு முழத்திற்கும் சற்றுக் குறைவு. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ எட்டரை மீட்டருக்கும் மிகுதி. நம் வீட்டுக் கூடத்தினும் நீண்ட அலை அது. தாழொலியின் நன்மைகளும் தொல்லைகளும் பெரும்பாலும் இந்நீளத்திலிருந்தே தோன்றுகின்றன.

சிறிய ஒலிப்பெட்டி ஏன் தாழொலியைத் தருவதில்லை? ஒலியின் அதிர்வெண் பாதியாகக் குறையுமாயின், அதே உரப்பைத் தருவதற்கு ஒலிப்பெட்டியின் கூம்புத்தாள் நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் அசைய வேண்டும். ஐந்து அங்குலத் தாளால் அது இயலாது. எனவேதான் எட்டு, பத்து, பன்னிரண்டு அங்குலத் தாளையுடைய தனிப்பெட்டி தேவைப்படுகின்றது.

பண்ணைப்புரத்து இசையும் கூம்புக் குழாயும்

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, 1976-இல் ‘அன்னக்கிளி’ வாயிலாகத் திரையிசைக்கு வந்தார். அவர் பாடல்களைக் கூர்ந்து கேட்போர், அவற்றில் பேஸ் கித்தார் வெறும் துணையாக நில்லாது, தனக்கென ஒரு மெட்டுடன் பாடலின் அடியில் நடந்து செல்வதை உணர்வர். ஆனால் அக்காலத்து ஊர்களில் அப்பாடல்கள் மிகுதியும் ஒலித்தது திருமண வீட்டுப் பந்தற்காலிலும் திருவிழாக் கம்பத்திலும் கட்டிய கூம்புக் குழாய்களில் அன்றோ! அக்குழாய்கள் பேச்சு தெளிவாகத் தொலைவு செல்வதற்கென அமைந்தவை. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ் விரைவாகத் தளர்ந்துவிடும்.

குரல் மட்டும் குன்றாது கேட்டது எவ்வாறு எனில், குரலின் அடிப்படை அதிர்வு மறைந்தாலும் அதன் மேலடுக்கு அதிர்வுகளைக் கொண்டு நம் மனம் குரலை நிரப்பிக்கொள்கின்றது. தாழ்ந்த தந்தியின் உடலதிர்வை அவ்வாறு நிரப்பிக்கொள்ள முடிவதில்லை. எனவே பண்ணைப்புரத்தாரின் இசையை அவர் மண்ணிலேயே குழாயில் கேட்டோர் அதன் மேற்கட்டைக் கேட்டனர், தளத்தைக் கேட்டிலர். அதே பாடலைத் தாழொலிப் பெட்டி இணைந்த இல்லத்தில் இன்று கேட்கும் பெரியவர்கள், “இதில் இத்தனை இருந்ததா?” என்று வினவுவது இதனாலேயே.

இருவகைப் பெட்டிகள்

தாழொலிப் பெட்டிகள் இருவகைப்படும். தன்னுள்ளேயே பெருக்கியைக் கொண்டு, தனியே மின்சாரம் பெறுவது ஒருவகை. இதனை ஆக்டிவ் என்பர். பெருக்கி இன்றி ஒலிக்கருவி மட்டும் உடையது மற்றொன்று. இது பாசிவ் எனப்படும். வீட்டு ஸ்டீரியோ அமைப்பிற்கு முன்னதே ஏற்றது. பின்னதற்குத் தனிப்பெருக்கியும், தாழொலியைப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் சுற்றும் வேண்டும். யான் வாங்கியது பின்னது. அதுவே பிழையின் தொடக்கம்.

அப்பிழையின் கணக்கு எளியது. பெருக்கியின் ஒரு வாயில் 8 ஓம் மின்மறுப்புடைய பெட்டி ஒன்று இருந்தது. அதே முனைகளில் மற்றொரு 8 ஓம் பெட்டியை இணையாகச் சேர்த்ததும் மொத்த மறுப்பு 4 ஓமாகக் குறைந்தது. பெருக்கி தரவேண்டிய மின்னோட்டம் இருமடங்காயிற்று. 8 ஓமுக்குக் குறையாமல் இணைக்குமாறு பின்புறத்தில் எழுதப்பெற்ற பெருக்கி அது. அதனால் சூடேறிக் கருகிற்று. பெருக்கியின் பின்புற எழுத்துகளைப் படிப்பது, பாட்டைப் படிக்குமுன் பாயிரத்தைப் படிப்பது போன்றது.

இணைக்கும் வழிகள்

எவ்வழியாயினும் முதற்கண் எல்லாக் கருவிகளின் மின்செருகிகளையும் கழற்றிவிடுதல் வேண்டும். பின்னர்ப் பெருக்கியின் பின்புறத்தைக் கண்டு, கீழ்க்காணும் வழிகளுள் ஏற்றதைக் கொள்க.

முதல் வழி: ‘சப் அவுட்’ அல்லது ‘ப்ரீ அவுட்’ என எழுதிய வெளிவாய் இருப்பின் அதுவே சிறந்தது. ஆர்சிஏ கம்பி கொண்டு அதனைத் தாழொலிப் பெட்டியின் ‘லைன் இன்’ வாயில் செருகினால் போதும். இடம், வலம் என இரண்டு வெளிவாய்கள் இருப்பின் இரண்டையும் பெட்டியின் இரண்டு உள்வாய்களில் தனித்தனியே சேர்க்க. இரண்டு வெளிவாய்களை ஒன்றாக முறுக்கி ஒரே முனையாக்குதல் கூடாது. ஒன்றன் மின்குறி மற்றொன்றினுள் புகும்.

இரண்டாம் வழி: பழைய பெருக்கிகள் பலவற்றில் அத்தகைய வெளிவாய் இராது. அப்போது பெட்டியில் ‘ஹை லெவல்’ அல்லது ‘ஸ்பீக்கர் லெவல்’ எனும் உள்வாய் உளதா எனக் காண்க. இருப்பின், பெருக்கியின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே நான்கு கம்பிகளை எடுத்துச் சிவப்புக்குச் சிவப்பும் கறுப்புக்குக் கறுப்புமாகச் சேர்க்கலாம். முன்பிருந்த ஒலிப்பெட்டிகளும் தத்தம் இடத்திலேயே இருக்கும். ‘இது யான் செய்த பிழையேயன்றோ?’ எனின், அன்று. இவ்வுள்வாயின் மின்மறுப்பு மிக உயர்ந்தது. அது குறியை மட்டும் பெறுகின்றது, ஆற்றலைப் பெறுவதில்லை. கம்பியிழைகள் ஒன்றோடொன்று தொடாதவாறு முறுக்கிச் செருகுதல் இன்றியமையாதது.

இவ்வழியில் ஓர் எச்சரிக்கை உண்டு. இன்று விற்கும் சிறிய டிஜிட்டல் பெருக்கிகள் பலவற்றிலும், பிரிட்ஜ் முறையில் அமைந்த ஐசி பலகைகளிலும், கறுப்பு முனை தரைமுனை ஆகாது. அங்குக் கறுப்பு முனைகளை ஒன்றாக்கினாலோ தரையோடு சேர்த்தாலோ பெருக்கி பழுதாகும். கருவியுடன் வந்த கையேட்டைப் பார்த்தோ, தேர்ந்த தொழிலாளரைக் கேட்டோ தெளிந்த பின்னரே இணைக்க.

மூன்றாம் வழி: பெருக்கியில் வெளிவாயும் இல்லை, பெட்டியில் ஹை லெவல் உள்வாயும் இல்லை எனில், ‘ஹை லோ கன்வெர்ட்டர்’ எனும் சிறு கருவியை இடையில் வைக்க வேண்டும். கார் ஸ்டீரியோ கடைகளில் அது கிடைக்கும். ஸ்பீக்கர் முனையின் வலிய மின்குறியை லைன் அளவிற்கு அது தணித்துத் தரும். அஃதின்றி ஸ்பீக்கர் கம்பியை ஆர்சிஏ வாயில் நேரே செருகுதல் பெட்டியைக் கெடுக்கும்.

தவிர்க்க வேண்டிய வழி: ‘டேப் அவுட்’, ‘ரெக் அவுட்’ எனும் வாய்களில் சிலர் இணைப்பர். அவ்வாயின் குறி வால்யூம் குமிழுக்குக் கட்டுப்படாதது. பாட்டைத் தணித்தாலும் தாழொலி தணியாது நிற்கும், அது இசையாகாது.

அளவமைத்தல்

இணைப்பு முடிந்தபின் பெட்டியின் மூன்று குமிழ்களைச் செம்மை செய்தல் வேண்டும். பெருக்கியிலுள்ள ‘பேஸ்’ குமிழை நடுவிலும், ‘லவுட்னஸ்’ பொத்தானை அணைத்தும் வைத்துத் தொடங்குக.

ஒன்று, கிராஸ்ஓவர். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழ் தாழொலிப் பெட்டி பாட வேண்டும் என்பதை இது வரையறுக்கும். திரையரங்க ஒலிக்குத் தரம் வகுத்த டிஹெச்எக்ஸ் முறையில் 80 ஹெர்ட்ஸ் என்பது பெயர்பெற்ற எல்லை. வீட்டிலும் அங்கிருந்தே தொடங்கலாம். 100 ஹெர்ட்ஸுக்கு மேல் உயர்த்தினால், ஒலி எந்த மூலையிலிருந்து வருகின்றது என்பதைச் செவி கண்டுகொள்ளும். ஆண்குரலின் அடிப்பகுதி பாடகரை விட்டுப் பிரிந்து மூலைக்குச் செல்லும்.

இரண்டு, பேஸ் எனப் பெரும்பாலும் எழுதப்பெறும் ‘கட்டம்’. இதில் 0 என்றும் 180 என்றும் இரு நிலைகள் உண்டு. இரு பெட்டிகளின் தாள்களும் ஒரே நேரத்தில் முன்னே வந்தால் ஒலி கூடும். ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் சென்றால் ஒலி ஒன்றையொன்று அழிக்கும். நாம் அமரும் இடத்தில் இருந்துகொண்டு, மற்றொருவரை நிலைமாற்றச் சொல்லி, எந்நிலையில் ஒலி நிறைவாக உள்ளதோ அதனைக் கொள்க.

மூன்று, உரப்பு. குமிழைச் சுழியத்தில் வைத்து, நன்கு பழகிய பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டு, மெல்ல உயர்த்துக. தாழொலி தனியே தெரியத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் குறைத்து நிறுத்துக. பின் பெட்டியை ஒருமுறை அணைத்துப் பார்க்க. இயங்கும்போது பெட்டி இருப்பதே தோன்றாமல், அணைத்தபோது பாட்டு மெலிந்துபோனால் இணைப்பு செம்மையானது.

யாப்பில் மெய்யெழுத்து தனித்து அலகு பெறுவதில்லை. ஆயினும் ‘கல்வி’ என்பதில் உள்ள ஒற்றை நீக்கினால் ‘கவி’ எனச் சொல்லே மாறிவிடுகின்றது. எண்ணப்படாமல் நின்று சொல்லைத் தாங்குவது ஒற்று. இசையில் தாழொலிக்கும் அந்த இடமே உரியது.

இடந்தேர்தல்

தாழொலிப் பெட்டியை மூலையில் வைத்தால் சுவர்கள் அதனைப் பெருக்கிக் காட்டும், பெரும்பாலும் மிகையாகும். மேலும், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில் சில அதிர்வெண்கள் மட்டும் நின்று முழங்கும். ஐந்து மீட்டர் நீளமுள்ள கூடத்தில் ஏறத்தாழ 34 ஹெர்ட்ஸும், நான்கு மீட்டர் அறையில் 43 ஹெர்ட்ஸும், மூன்று மீட்டர் அறையில் 57 ஹெர்ட்ஸும் இவ்வாறு நிற்கும். ஒரே பாட்டின் ஒரு சுரம் இடிபோலவும் அடுத்த சுரம் இல்லாததுபோலவும் கேட்பது இதனாலேயே, பெட்டியின் குற்றமன்று.

இதற்கு எளிய தீர்வு உண்டு. பெட்டியை நாம் அமரும் இருக்கையிலேயே வைத்துத் தாழ்ந்த ஒலியுள்ள பாட்டை இயக்குக. பின், செவி தரைக்கு அருகில் இருக்குமாறு குனிந்து சுவரோரமாக நகர்ந்து வருக. எவ்விடத்தில் எல்லாச் சுரங்களும் ஒத்த அளவில் கேட்கின்றனவோ அவ்விடமே பெட்டிக்கு உரியது. பெட்டியும் செவியும் இடம் மாறினாலும் ஒலியின் வழி மாறுவதில்லை. வீட்டார் நகைப்பர்; பயன் கண்டபின் அமைவர்.

இணைத்தபின் ஓயாத ‘ம்ம்ம்’ எனும் இரைச்சல் எழுவதுண்டு. அது நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும் ஆகும். பெருக்கியும் பெட்டியும் வெவ்வேறு இடங்களில் மின்சாரம் பெற்று, இரண்டு வழிகளில் தரையோடு இணைவதால் இது பெரும்பாலும் நேர்கின்றது. இரண்டையும் ஒரே பலகையில் செருகினால் பலபோழ்தும் தீரும். தீராவிடில் தொலைக்காட்சியின் கேபிள் கம்பியைக் கழற்றிப் பார்க்க. மூன்று முள் செருகியில் எர்த் முள்ளை முறித்து இரைச்சலை நிறுத்தும் வழக்கம் நம்மூரில் உண்டு. அது உயிர்க்கு இடையூறு, ஒருபோதும் செய்யற்க.

சுவருக்கு அப்பால்

இரண்டாம் முறை யான் பெருக்கியுள்ள பெட்டியை வாங்கி முறையாகவே இணைத்தேன். இரவுணவுக்குப் பின், பிள்ளைகள் உறங்கியதும், ஒலியைத் தணித்து வைத்துப் பாட்டுக் கேட்பேன். தணித்துக் கேட்கையில் தாழொலி போதாததுபோல் தோன்றவே, தாழொலிக் குமிழை மட்டும் சற்று உயர்த்தினேன். ஒரு வாரம் கழிந்தது. அடுத்த வீட்டு அப்பத்தா வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார்: “தம்பி, உங்க வீட்டுலயும் எலி வருதா? ராத்திரியில எங்க அலமாரித் தட்டெல்லாம் தானா நடுங்குது. ரெண்டு நாளா விளக்கப் போட்டுப் போட்டுப் பாக்குறேன், ஒண்ணும் ஆப்டல.”

அவர்க்குப் பாட்டு கேட்கவில்லை. பாட்டின் அடித்தளம் மட்டும் சென்றிருந்தது. அது என் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் அவர் அறிந்திலர். குறைகூற வந்தவரல்லர், எலியைப் பற்றி உசாவ வந்தவர். “எலி இல்லை அப்பத்தா, நான்தான்” என்று சொல்லி நாணி நின்றேன்.

இதன் காரணத்தை அறிவியல் தெளிவாகக் கூறுகின்றது. உரப்புக் குறையும்போது நம் செவி தாழொலியையே முதலில் இழக்கின்றது. பிளெட்சர், மன்சன் எனும் இருவர் 1933-இல் இதனை அளந்து வெளியிட்டனர். ஆகவே தணித்துக் கேட்போர் தாழொலியை உயர்த்த விழைகின்றனர். மறுபுறம், சுவர் உயர்ந்த ஒலியைத் தடுக்குமளவு தாழ்ந்த ஒலியைத் தடுப்பதில்லை. அதிர்வெண் பாதியாகுந்தோறும் சுவரின் தடுப்பாற்றல் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகின்றது. நாம் கேட்கும் பாட்டில் நமக்குப் போதாதது எதுவோ, அதுவே அயலார்க்கு மிகுதியாகச் செல்கின்றது.

சட்டமும் இங்கு முழுத்துணை செய்வதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் வரம்பாக வகுத்துள்ளன. ஆயின் அவ்வளவு ‘ஏ’ எனும் நிறையிட்ட முறையில் எடுக்கப்படுவது. செவியின் இயல்பைப் பின்பற்றும் அம்முறை, 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 30 டெசிபல் குறைத்தே கணக்கிடும். அலமாரித் தட்டை நடுங்கச் செய்யும் ஒலி அளவைக் கருவியில் அடக்கமாகவே தோன்றலாம். எனவே இங்குக் காவலாக நிற்க வேண்டியது நம் மனமே. அயலாரின் உரிமையை நம் மார்க்கமும் தமிழ் அறநூல்களும் ஒருங்கே வற்புறுத்துவதை இம்மலரின் வாசகர்க்குக் கூற வேண்டுவதில்லை.

செய்யத்தக்கவை சில உண்டு. பொதுச்சுவரை ஒட்டிப் பெட்டியை வையாதிருத்தல். பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் அட்டையிட்டுத் தரையதிர்வைக் குறைத்தல். இரவு பத்து மணிக்குப் பெட்டியை அணைத்துவிடுதல். தேர்வுக் காலத்திலும், அயல்வீட்டில் நோயுற்றோர் உள்ளபோதும் பத்து மணி வரை காத்திராமலே அணைத்தல் நன்று. எல்லாவற்றினும் மேலாக, ஒருவரை உள்ளே பாட்டை இயக்கச் சொல்லி, நாமே தெருவிலும் அயல்வீட்டுத் திண்ணையிலும் நின்று ஒருமுறை கேட்டுவருதல் வேண்டும்.

முடிவுரை

பெருக்கியின் மறுப்பளவை அறிந்து, உரிய வாயில் இணைத்து, 80 ஹெர்ட்ஸ் அளவில் எல்லை வகுத்து, கட்டமும் உரப்பும் இடமும் தேர்ந்து அமைத்தால் பழைய ஸ்டீரியோவும் புத்துயிர் பெறும். தாழொலி நம் கூடத்தில் தனித்துக் கேளாமல் பாட்டோடு ஒன்ற வேண்டும். அயலார் கூடத்திலோ அறவே கேளாதிருக்க வேண்டும். இவ்விரண்டும் அமைந்ததே நல்லிணைப்பு.

அத்தாவின் பெருக்கி இன்றும் எங்கள் கூடத்தில் பாடுகின்றது. இரவு பத்துக்குத் தாழொலிப் பெட்டியின் பொத்தானை அணைப்பது இப்போது என் மகளின் பொறுப்பு. அப்பத்தாவின் அலமாரியில் எலித்தொல்லை இல்லை.